நோன்பு, பந்து, ஏழு இட்லி

பி.டி. வாத்தியாரைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுவது ஊருக்கே தெரியும்; பிள்ளைகளை நினைத்து பி.டி. வாத்தியார் பயப்படுவது அவர் பெண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியும். அடுத்தவர் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி வெளியூர் கூட்டிப்போய், தலையை எண்ணி எண்ணித் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வாங்க, இப்படிப் பக்கத்தில் உட்காருங்க. உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்களுடையது வேடசந்தூர் பக்கம் தக்காளியும் முருங்கையும் போடுகிற குடும்பம். எனக்கு ஃபுட்பால் தெரியும், திண்டுக்கல்லில் முஸ்லிம்கள் நிறைந்த பேகம்பூர் தெரியாது. ஆனால் என் டீமில் ஏழு பேர் பேகம்பூர்ப் பையன்கள். பந்து அவர்கள் காலோடு ஒட்டிக்கொண்டு போகும். ஜெயிப்பதும் அவர்களால்தான், எனக்குத் தூக்கம் போனதும் அவர்களால்தான்.

ஒரு மணி ஆட்டம்

சேர்ந்த புதிது. எரியோடு டீமை நட்பு ஆட்டத்துக்குக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி என்று நானே நேரம் குறித்தேன். ராகுகாலம் பன்னிரண்டுக்கே முடிந்துவிடும், ஒரு மணி நல்ல நேரம் என்று காலண்டரைப் பார்த்துக் குறித்த புத்திசாலிக்கு, ஜும்மா என்று ஒன்று இருப்பது தோன்றவே இல்லை. பன்னிரண்டே முக்காலுக்கு ஏழு பேரும் ஜெர்சிக்கு மேலே சட்டையை மாட்டிக்கொண்டு, "சார், தொழுதுட்டு ஓடியாந்துர்றோம்" என்று வரிசையாகப் போய்விட்டார்கள். மைதானத்தில் மிச்சம் நாலு பேர். அதில் ரெண்டு பேர் கோல் கீப்பர்!

ஹெட்மாஸ்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கையைக் காலைப் பிடித்து ஆட்டத்தை நிறுத்தி வைத்தேன். ஒண்ணே முக்காலுக்குத் திரும்பி வந்தவர்கள் தொப்பியை மடித்து பைக்குள் வைத்துவிட்டு இறங்கி மூன்று கோல் போட்டார்கள். பஸ் ஏறும்போது எரியோடு வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அடுத்த தடவையும் ஒரு மணிக்கே வைங்க சார். ஆனா இவனுங்க வர்றதுக்குள்ள முடிச்சிருங்க."

நாலு விரல் துணி

எங்கள் லெஃப்ட் விங் சாதிக். ஒல்லிப் பையன், அதிகம் பேச மாட்டான், இடது காலால் அடித்தால் பந்து எங்கே சொல்கிறானோ அங்கே போய் விழும். தொப்புளிலிருந்து முழங்கால் வரை மூடியிருக்க வேண்டும் என்று பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத் சொல்லிவிட்டார். நம் நிக்கரோ முழங்காலுக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிடும். சாதிக்கின் அம்மா, புர்கா தைத்த மிச்சத் துணியை நாலு விரல் அகலத்துக்கு நிக்கரின் அடியில் ஒட்டுப் போட்டு அனுப்பியிருந்தார்கள். நீல நிக்கரில் கறுப்புக் கரை.

மாவட்டப் போட்டியில் ரெஃப்ரி பிடித்துக்கொண்டார். பதினோரு பேரும் ஒரே மாதிரி உடுத்தியிருக்க வேண்டுமாம். "வேற நிக்கர் போடுலே" என்று கெஞ்சினேன். சாதிக் கோபப்படவில்லை, அழவில்லை. "அப்ப நான் உக்காந்துக்கிறேன் சார்" என்று சொல்லி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டான். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு போட்டிருப்பேன். அவன் அமைதியாக உட்கார்ந்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. அன்றைக்குத் தோற்றோம்.

மறுநாளே பதினோரு நிக்கரையும் மூட்டை கட்டி பேகம்பூர் டெய்லரிடம் கொடுத்து, எல்லாவற்றிலும் அதே கறுப்புத் துணியை ஒட்டுப் போட்டு வாங்கினேன். இப்போது எல்லாரும் ஒரே மாதிரிதானே, எந்த ரெஃப்ரி என்ன சொல்வார்? எங்கள் கோல் கீப்பர் சேவுகம்பட்டி விவசாயி மகன். அதைப் போட்டுக்கொண்டு குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "சார், இது நிக்கரா, எங்கப்பா வேட்டியில பாதியா?"

மதுரை பத்தாது

சாதிக் பத்தாவது படிக்கும்போது ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் செலக்‌ஷன் வந்தது. வயது வரம்புப்படி அவனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. தேறினால் படிப்பு, சாப்பாடு, பந்து எல்லாம் அங்கேயே. தேறாவிட்டால் அவன் அத்தா காதர் பாய் அவனைத் தோல் பதனிடுகிற ஷாப்புக்குக் கூட்டிப்போய், தான் நிற்கும் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவார். கடிதத்தைப் பிரித்தேன். இடம் மதுரை, நாள் நோன்பு மாதத்தின் நட்ட நடு. என் தலையில் இடி விழுந்தது. பச்சைத் தண்ணீர் படாமல் இந்த ஒல்லிக்குச்சி எப்படி ஓடுவான்?

காதர் பாயிடம் போய், "அந்த ஒரு நாள் மட்டும் விடச் சொல்லலாமா பாய்?" என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "பந்து போனா வேற பொழப்பு இருக்கு சார். நோன்ப விட்டுட்டு நான் அவன எங்க கொண்டுபோய் நிறுத்துறது?" என்றார்.

ஹஜ்ரத்திடம் ஓடினேன். பயணம் போகிறவர்களுக்குச் சலுகை உண்டு, ஆனால் அதற்கென்று ஒரு தூரம் இருக்கிறது, மதுரை அந்தத் தூரத்துக்குப் பத்தாது என்றார். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் குறைகிறதாம்! எனக்கு வந்த பதற்றத்தில், "நிலக்கோட்டை வழியா சுத்திப் போற பஸ்ஸுல போனா ஹஜ்ரத்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சார், நீங்க பயணம் போறீங்களா, அல்லாஹ்வ ஏமாத்தப் போறீங்களா?"

ஏழு இட்லி

நாலாம் நாள் இன்னொரு கடிதம். மதுரை மைதானத்தில் மழைத் தண்ணீர் நிற்பதால் இடம் திருச்சிக்கு மாற்றம். நான் குதித்த குதியைப் பார்த்து என் மனைவி எனக்குத்தான் பிரமோஷன் என்று நினைத்துவிட்டாள். ஹஜ்ரத் சொன்னார்: "திருச்சி தாராளமா ஆகும். விடலாம், விட்டத பின்னாடி வச்சிரணும். வைக்கணும்னு நெனச்சா வைக்கவும் செய்யலாம், அது அவன் இஷ்டம்." என் காதில் 'விடலாம்' மட்டும்தான் விழுந்தது. ஹஜ்ரத் சொன்னால் சரி என்று காதர் பாயும் தலையாட்டிவிட்டார். சாதிக்கை மட்டும் யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

முதல் நாளே திருச்சி போய்த் தங்கினோம். செலக்‌ஷன் அன்று காலை அவனை ஹோட்டலுக்குக் கூட்டிப்போனேன். ரெண்டு வாரமாகப் பகலில் எதுவும் படாத வயிறு என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஏழு இட்லி, மேலே ஒரு பொங்கல், ரெண்டு வாழைப்பழம், ஒரு சொம்பு குளுக்கோஸ் தண்ணி. பையன் தப்புப் பண்ணுகிறவன் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டான். "போதும் சார்" என்றபோதெல்லாம், "அப்பு, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று வைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆட்டம் தொடங்கி ஏழாவது நிமிடம். பந்தோடு ஓடினவன் கார்னர் கொடி பக்கத்தில் நின்றான், குனிந்தான், அத்தனையும் வெளியே வந்துவிட்டது. கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். செலக்டர் சாதிக்கின் பெயரைத் தாளில் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "நோன்பு வச்சுக்கிட்டு வந்து நின்னா இப்படித்தான். இதுக்குத்தான் இந்தப் பசங்கள எடுக்கவே யோசனையா இருக்கு."

வாயைத் திறந்தேன்

ஒரு நிமிடம் நான் சும்மா நின்றேன். அதை மறைக்க விரும்பவில்லை. உண்மையைச் சொன்னால் இந்த வாத்தியார் ஒரு முட்டாள் என்று ஊர் சிரிக்கும், இனி நான் கூட்டிவரும் பையனை யார் மதிப்பார்கள் என்றெல்லாம் பயம். சாதிக் குழாயடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான். செலக்டர் சொன்னது அவன் காதிலும் விழுந்தது. 'எங்க சார்தான் திணிச்சாரு' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஈரக் கையை ஜெர்சியில் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. "சார், பையன் இன்னைக்கு நோன்பு இல்ல. நான்தான் நோன்ப விடச் சொல்லி ஏழு இட்லியும் பொங்கலும் திணிச்சேன். குத்தம் நோன்பு மேல இல்ல, என் மேல" என்று கத்தியே விட்டேன். செலக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்குக் காலைல பதினஞ்சு நிமிஷம் தர்றேன், கூட்டிட்டு வாங்க" என்றார்.

சாயங்காலம் சாதிக், "நாளைக்கு நான் நோன்பு வச்சுக்கிறேன் சார்" என்றான். கேட்கவில்லை, சொன்னான். "ஏலே, ஹஜ்ரத்தே விடலாம்னு சொல்லியிருக்காரே!" என்றேன். "சொன்னாரு சார். எனக்குத்தான் இன்னைக்குப் பூரா எதையோ தொலச்ச மாதிரியே இருக்கு" என்றான். விடியுமுன் அவனே எழுந்து ரெண்டு பன்னும் தண்ணீரும் சாப்பிட்டு முடித்தான். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை.

பதினைந்து நிமிடம் என்று இறக்கிவிட்டவனை ஆட்டம் முடியும் வரை வெளியே எடுக்கவில்லை. நாலைந்து தடவை பந்தைப் பறிகொடுத்தான், ஒன்றைக் கம்பத்தில் அடித்தான், ஒன்றை உள்ளே போட்டான். அவன் ஒவ்வொரு தடவை இடுப்பில் கை வைத்து நின்றபோதும் என் உயிர் போய் வந்தது. முடிந்ததும் செலக்டர் அவனைக் கூப்பிட்டு, "இன்னைக்கு என்ன சாப்ட்ட?" என்றார். "நோன்பு சார்" என்றான். அவர் எதையோ எழுதிக்கொண்டு, நிமிராமலே என்னிடம் சொன்னார்: "சார், இனிமே இவன் சாப்பாட்டு விஷயத்துல நீங்க தலையிடாதீங்க."

கையெழுத்து

நோன்புப் பெருநாள் முடிந்து, தேர்வானதாகக் கடிதம் வந்தது. அப்பா கையெழுத்துப் போட்டால்தான் சேர்க்கை. காதர் பாய் அந்தத் தாளை வாங்கிக்கொண்டார். பக்கத்தில் பள்ளிவாசல் இருக்கா, நோன்பு மாதத்தில் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு யார் எழுப்பிவிடுவார்கள், கறி எங்கே வாங்குகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியாது. எல்லாம் இருக்கும் பாய் என்று அடித்துவிட்டிருக்கலாம். பட்டது போதும் என்று, "தெரியல பாய்" என்றே சொன்னேன். போச்சு, பையன் தோல் ஷாப்புக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுத்து எழுத்தாக, தமிழில் பெயரை எழுதினார். தாளை என்னிடம் நீட்டிவிட்டுச் சொன்னார்: "நோன்பு மேல பழி விழுந்தப்ப, குத்தம் என்னோடதுன்னு சொன்னீங்களாம், சாதிக்கு சொன்னான். அங்கயும் அப்படி ஒரு ஆளு இருப்பாருன்னு நம்பித்தான் சார் போட்டிருக்கேன்."

அனுப்பி வைக்கிற ஒவ்வொரு பையனுக்கும் அப்படி ஒரு ஆள் அங்கே இருப்பாரா மாட்டாரா என்று இன்றுவரை கவலைப்பட்டுக்கொண்டிருப்பதற்குத்தான், சம்பளப் பட்டியலில் உடற்கல்வி ஆசிரியர் என்று பெயர் போட்டிருக்கிறார்கள்.