டைகரின் பட்டினி

1. குற்றாலத்துக்கு ஆள் வந்தது

அன்றைக்கு நான் குற்றாலத்தில் ஒரு சீசன் பங்களாவில், சாரலில் நனைந்தபடி இரண்டு அல்சேஷன் நாய்களுக்கு 'ஹீல்', அதாவது காலோடு ஒட்டி நடக்க, சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் தொடக்கம். தென்காசி மரக்கடை அண்ணாச்சி வீட்டிலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"டைகர் சாவக் கெடக்கு. அம்மா ஒங்கள கையோட கூட்டியாரச் சொன்னாவ."

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது செங்கோட்டைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில். நாய்க்கூண்டு கழுவப் போனவன், அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை பழக்குவதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். சிட், ஸ்டே, ஹீல் எல்லாம் அவர் போட்ட பிச்சை. நாயிடம் மெதுவாக, இனிமையாகப் பேச வேண்டும் என்பது அவருடைய முதல் பாடம். அவர் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போனதும் நான் கீழே இறங்கி ஊர் நாய்களுக்கு வாத்தியார் ஆனேன். 'நாய் வாத்தியார்' என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், சிரித்தவர்கள் வீட்டு நாயும் என்னிடம்தான் வந்தது.

டைகர் கோம்பை நாய், மரக்கடைக் காவல். அந்தக் காலத்தில் திருட வருகிறவன் முதலில் கறித்துண்டில் விஷம் வைத்துக் காவல் நாய்க்குப் போடுவான். அதற்குப் பயந்து அண்ணாச்சி, தன் கையால் வைத்தால் மட்டுமே தின்னும்படி டைகரைக் குட்டியிலிருந்தே பழக்கியிருந்தார். வேறு யார் வைத்தாலும் முகர்ந்துகூடப் பார்க்காது. கடைக்குப் பின்னால் தான் மட்டும் போய்ச் சோறு வைப்பார். தன் மனைவியைக்கூட அந்த நேரம் பக்கத்தில் விடமாட்டார், அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். ஊரே மெச்சியது, நானும் மெச்சினேன்.

அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று வயிற்றில் ஆபரேஷன். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். மகன் துணைக்குப் போனான், மதினி வீட்டையும் கடையையும் பார்த்துக்கொண்டு இங்கே இருந்தார். நாயை எந்த வார்டுக்குள் விடுவார்கள்?

2. பலிக்காத வித்தைகள்

டைகர் தேக்குத் தடிகளுக்கு நடுவே கிடந்தது. விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"எப்படியாவது காப்பாத்திருங்க தம்பி. அவுக வந்து, டைகர எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்றார் மதினி.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்து "ராசா, தங்கம், ஒரு வாய்" என்று கொஞ்சினேன். பாலில் விரலை நனைத்து நீட்டினேன். கறிக்குழம்பு ஊற்றிப் பிசைந்து வைத்தேன். டைகர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அண்ணாச்சியின் துண்டைக் கொண்டுவந்து போட்டேன். அதன்மேல் தலையை வைத்துப் படுத்ததுதான், அப்புறம் எழுந்திருக்கவே மனமில்லை அதற்கு.

மறுநாள் காலை பஸ்ஸில் மகன் வந்தான். மதினி அப்போது கையில் சோற்றுத் தட்டோடு டைகர் எதிரே நின்றிருந்தார்.

"அம்மா, அப்பா கஞ்சி குடிக்க மாட்டேங்காவ. நர்ஸம்மா எம்புட்டோ கெஞ்சுதாவ, வாயத் தொறக்க மாட்டேங்காவ."

மதினி தட்டை 'டங்'கென்று தரையில் வைத்தார்.

"ஏ சவத்து மூதி, அங்கன அவுக கஞ்சி குடிக்க மாட்டேங்காவ, இங்கன நீ சோறு திங்க மாட்டேங்க. ரெண்டு பேருமாச் சேந்து என்னயக் கொல்லப் பாக்கியளா? வந்து தின்னு தொலை, எழவே."

டைகர் காதை நிமிர்த்தியது. வால் தரையில் தட்டியது. எழுந்து, தள்ளாடி வந்து, தட்டில் வாய் வைத்தது. மதினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"அண்ணாச்சி இதுகிட்ட எப்படிப் பேசுவாவ மதினி?" என்று கேட்டேன்.

"பேச்சா? வசவுதான். தின்னு தொலை எழவேன்னு சொல்லாம ஒருநாளும் சோறு வச்சதில்ல. சொவத்துக்கு இந்தப் பக்கம் கேக்கும்."

"அத மொதல்லயே சொல்லப்படாதா?"

"நாய வையுதது ஒரு சேதியா? என்னயும் அப்படித்தான் வையுதாவ."

எங்கள் பக்கத்தில் பிரியம் உள்ளவர்களைத்தான் உரிமையோடு வைவோம், அந்நியரிடம்தான் பதவிசாகப் பேசுவோம். தேனொழுகப் பேசிக் கறி நீட்டுகிறவன் திருடன் என்றுதானே டைகருக்குப் பாடம்? என்னை அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டது, பாவம்.

மதினி அன்றே பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினார். அங்கே என்ன சொன்னாரோ, அண்ணாச்சி கஞ்சி குடித்தார். மதினி சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்து டைகரையும் வைது சோறு வைத்தார்.

3. அண்ணாச்சி வந்தார்

அண்ணாச்சி இளைத்துப்போய் வீடு வந்த அன்று நானும் இருந்தேன். டைகர் அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்து ஊளையிட்டது. அவரே தட்டை எடுத்து வைத்தார். வைவதற்கு அவர் உடம்பில் தெம்பில்லை. டைகர் தட்டைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, பிறகு மதினியைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"ஏட்டி, ஒங்கிட்ட உத்தரவு கேக்கு பாரு" என்றார். சிரித்தார், தையலைப் பிடித்துக்கொண்டார்.

"அவுகதான் வைக்காவ, தின்னு மூதி" என்றார் மதினி. டைகர் குனிந்து தின்னத் தொடங்கியது.

அது தின்று முடிக்கும்வரை அண்ணாச்சி அதன் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏலே, நான் போய்ச் சேந்திருந்தா இதயும்லா கையோட கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்றார்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கு நாய் பழக்கப் போனாலும், முதல் நாள் சும்மா உட்கார்ந்து அந்த வீட்டில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்பேன். ஒருவர் கையால் மட்டும் தின்னப் பழக்கு என்று யாராவது சொன்னால், மாட்டேன் என்று எழுந்து வந்துவிடுவேன்.