கோச் தேடும் குழுவில் நாலாவது கதிரை

ஒரு பந்தில் காற்று இருக்கிறதா என்று பார்க்க, அதை ஒருமுறை விரலால் அமத்தினால் போதும். ஒரு கோச்சில் என்ன இருக்கிறது என்று பார்க்க மட்டும் குழு வேண்டுமாம். அந்தக் குழுவில் நானும் இருந்து தொலைத்தேன்.

ஸ்காபரோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரி. விளையாட்டுப் பிரிவின் சாமான் அறை என் பொறுப்பு. பந்துக்குக் காற்றடிப்பது, வலை மடிப்பது, உடுப்புத் தோய்ப்பது. இருபத்திரண்டு வருடமாக இதுதான். இந்தப் பங்குனியில் பெண்கள் உதைபந்து அணியின் தலைமைக் கோச் ஒரு ஈமெயில் போட்டுவிட்டுப் பெரிய கல்லூரி ஒன்றுக்குப் போய்விட்டார். போகும்போது கோல் காக்கிற பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனார். ஆடி முடிய முன் புதுக் கோச்சின் பெயரை லீக்குக்குக் கொடுக்காவிட்டால் அணியைக் கலைத்துவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. கலைத்தால் மிஞ்சிய இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லை.

கோச் போன மறுநாளே பயிற்சியை நடத்தத் தொடங்கியவள் உதவிக் கோச் சுகி. மன்னார்க்காரி. காலையில் ஸ்கூல் பஸ் ஓட்டுவாள், பின்னேரம் மைதானத்தில் நிற்பாள். அவளைக் கோச்சாகப் போட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அப்படிச் செய்யக் கூடாதாம். தேட வேண்டுமாம்.

ஆள் எடுக்கும் குழுக்களில் இருந்து முதுகு நொந்தவர்களே, நீங்கள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். வாசியுங்கள், போதும்.

விளம்பரம்

குழுவில் நாலு பேர். விளையாட்டுப் பணிப்பாளர் டெரெக். மனிதவளப் பிரிவிலிருந்து மெலிசா. பழைய மாணவர் சார்பில் ரமணன். யூனியன்வில்லில் இருந்துகொண்டு வீடு விற்கிற தம்பி. ஊழியர் சார்பில் நான். ஏன் நான் என்று கேட்பீர்கள். பெயர் கொடுத்த அன்றைக்கு மற்ற எல்லாரும் லீவு.

விளம்பரம் எழுத மூன்று கூட்டம். முதுமாணிப் பட்டம் வேண்டும். பத்து வருட அனுபவம் வேண்டும். தூரநோக்கு வேண்டும். இத்தனையும் உள்ளவன் பகுதிநேர வேலைக்கு ஏன் வருவான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பிள்ளைகளோடு கதைக்கத் தெரிய வேண்டாமா என்று கேட்டேன். டெரெக் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அதற்கு இடமில்லை. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது."

பத்துக் கேள்வி

மெலிசா கேள்வித்தாளைக் கொடுத்தார். பத்துக் கேள்வி. எல்லாருக்கும் அதே கேள்வி, அதே சொற்கள். கிளைக் கேள்வி கேட்கக் கூடாது. கேள்விக்கு ஆறு புள்ளி. வந்தவர் அறைக்குள் வாயால் சொன்னதற்கு மட்டும்தான் புள்ளி. எங்களுக்கு வெளியே தெரிந்தது ஒன்றும் சேர்த்தியில்லை.

"தெரிந்த ஆளென்றால்?" என்றேன்.

"தெரியாத ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் நியாயம்."

நாற்பத்தொரு சிலைட்

முதலில் வந்தவர் கொம்பியூட்டரோடு வந்தார். நாற்பத்தொரு சிலைட். ஒரு முக்கோணம், அதற்குள் வட்டம், வட்டத்துக்குள் "கலாசாரம்". முப்பதாவது சிலைட்டில் அவரே கைகட்டிக்கொண்டு நிற்கிறார். ரமணன் தலையாட்டிய ஆட்டுக்குக் கழுத்து சுளுக்கியிருக்கும். எனக்குக் கேட்க ஒரே ஒரு கேள்வி இருந்தது: மழை பெய்து மைதானம் சேறானால் பயிற்சியை எங்கே வைப்பாய்? பட்டியலில் அது இல்லை. மெலிசா பேனையால் மேசையில் தட்டினார். வாயை மூடினேன்.

போகும்போது அவருக்குச் சாமான் அறையைக் காட்டச் சொன்னார்கள். உள்ளே சுகி வலை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து வணக்கம் சொன்னாள். அவர் அவளைக் காணவில்லை. வாசலில் ஒரு காற்றுப்போன பந்தை நான் வேண்டுமென்றே போட்டு வைத்திருந்தேன். காலால் தட்டினார். தொப்பென்று கிடந்தது. இன்னொருமுறை தட்டினார். அப்போதும் கிடந்தது. "காற்றில்லை" என்றேன். ஆள் சிரித்தார். "இதையெல்லாம் பார்க்க எனக்கு ஒரு உதவியாளர் இருப்பார்தானே?"

ஊரில எவடம்?

இரண்டாவது எங்கட பெடியன். மார்க்கம் நகரில் வளர்ந்தவன். கெட்டிக்காரன், நானே சொல்கிறேன் என்றால் பாருங்கள். நேர்முகத்துக்கு முன் நாங்கள் எல்லாரும் ஒரு தாளில் கையெழுத்து வைக்க வேண்டும்: விண்ணப்பித்தவர் எனக்கு உறவில்லை. ரமணன்தான் முதல் ஆளாக வைத்தார். பெடியன் வந்து கதிரையில் இருந்து தண்ணீர்ப் போத்தலைத் திறக்கிறான். ரமணனுக்குப் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, ஊரில எவடம்?"

"அப்பா கரவெட்டி, அங்கிள்."

"கரவெட்டியில எவடம்? அப்பாவுக்கு என்ன பேர்?"

மூன்றாவது கேள்வியில் விஷயம் வெளித்துவிட்டது. ரமணனின் மனைவியின் சின்னம்மா இருக்கிறாரே, அவருடைய மருமகனின் தம்பி மகன். "அட, நீ எங்கட வசந்தியின்ர பெடியனே!" என்று எழும்பிக் கட்டிப்பிடித்தே விட்டார். மெலிசாவுக்குத் தமிழ் விளங்காது. கட்டிப்பிடித்தது விளங்கியது. பேனையை மூடிவிட்டார். உறவென்றால் ரமணன் வெளியே. நாலு பேர் இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. அவருக்குப் பதில் இன்னொரு பழைய மாணவரைப் பிடிக்க மூன்று கிழமை. அதற்குள் பெடியனுக்கு ஒட்டாவாவில் வேலை கிடைத்துவிட்டது. கார் நிறுத்துமிடத்தில் ரமணன் என் கையைப் பிடித்தார். "ஒரு பிள்ளை முன்னால வந்து இருந்தால், ஊர் கேக்காமல் எப்பிடி அண்ணை இருக்கிறது?"

கோப்பை அலுமாரி

மூன்றாமவர் இங்கிலாந்திலிருந்து சூமில் வந்தார். முதுகுக்குப் பின்னால் அலுமாரி நிறையக் கோப்பைகள். கையை ஆட்டிக் கதைத்தால் விரல்கள் கோப்பைக்குள் போய் மறைந்து திரும்பி வந்தன. ஒன்பதாவது கேள்வியில் இணையம் இழுத்தது. அலுமாரி அப்படியே காணாமல் போய், கொடியில் காயப்போட்ட உடுப்பும் ஒரு சிவப்புத் துவாயும் தெரிந்தன. ஆளுக்கு அது தெரியாது. தன் வெற்றிகளைப் பற்றி விடாமல் கதைத்துக்கொண்டிருந்தார். இங்கே சில வருடம் ஐப்பசியிலேயே ஸ்னோ கொட்டும் என்று பிறகு யாரோ சொல்ல, விலகிவிட்டார். டெரெக்குக்குத்தான் மனமில்லை. "அந்தக் கோப்பைகள் உண்மையாக எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்?"

தமிழ்ப் பதில்

நாலாவது சுகி. விண்ணப்பிக்க மாட்டேன் என்று நின்றவளை ஏசித்தான் போட வைத்தேன். அன்றைக்குப் புதுச் சப்பாத்து. கடிக்கிறது என்று நடையிலேயே தெரிந்தது.

"உங்களுடைய மிகப்பெரிய சாதனை என்ன?" என்றார் மெலிசா.

"அப்படிப் பெரிதாக ஒன்றும் இல்லை" என்றாள் சுகி. இங்கிலீசில்தான் சொன்னாள். ஆனால் அது தமிழ்ப் பதில்.

போன வருடம் ஆறு பிள்ளைகள் அணிக்கு வராமல் நின்றுவிட்டார்கள். தாய்மார் மறித்துவிட்டார்கள். படிப்புக் கெடுகிறதாம், வெளியூர் ஆட்டமென்றால் பிள்ளை எங்கே நிற்கிறது என்றே தெரியாதாம். சுகி ஆறு வீட்டுக்கும் போனாள். குசினியில் இருந்து தேத்தண்ணீர் குடித்தாள். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், பஸ் வெளிக்கிட்டது, சாப்பிட நிறுத்தியது, திரும்பியது என்று எல்லாத் தாய்க்கும் செய்தி அனுப்புவாள். ஆறு பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். "அணிக்கு ஆட்களைச் சேர்க்க உங்கள் உத்தி என்ன?" என்ற கேள்விக்கு அவள் சொன்னது: "அவர்கள் வருவார்கள்." மெலிசா ஆறுக்கு ஒன்று போட்டார். நானும் ஒன்றுதான் போட்டேன். சட்டம் அப்படி. அன்றைக்கு என் கையை நானே அடித்திருக்க வேண்டும்.

மொத்தம் அறுபதுக்கு இருபத்தேழு. அதை அவளுக்குச் சொல்லக் கூடாது, சொல்லவில்லை. ஆனால் சாமான் அறையில் வைத்துப் பிடித்தேன். "வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையே வைச்சிருந்தனீ? வீடு வீடாய்ப் போனதைச் சொன்னால் என்ன குறைஞ்சு போகும்?"

சப்பாத்தைக் கழற்றிக் குதியைத் தடவிக்கொண்டே சொன்னாள். "என்னைப் பற்றி நானே புழுகுறதே அங்கிள்? உள்ளுக்கு நீங்கள் இருந்தனீங்கள்தானே!"

இன்னொரு ஈமெயில்

சிலைட்காரருக்கு ஐம்பத்தினாலு. வேலை அவருக்கு. ஆனியில் பிள்ளைகளைச் சந்தித்தார். வெளியே நல்ல வெயில். இவர் அறைக்குள் திரையை விரித்துக்கொண்டு நின்றார். முதல் நாள் பதினாறு பிள்ளைகள் வந்தார்கள். அடுத்த கிழமை ஒன்பது. சுகி வழமைபோலப் பயிற்சிக் கூம்பு அடுக்கினாள், பொறுக்கினாள்.

மோர்னிங்சைட்டிலிருந்து ஒரு தாய் வேலை உடுப்போடு நேரே வந்தார். வெளியூர் போனால் போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி போடுவீர்களா என்று கேட்டார். அது தன் பணி விபரத்தில் இல்லை என்றார் கோச். அந்த அம்மா அவரை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "உவர் எத்தினை நாளைக்கு அண்ணை?" என்றார். மூன்று கிழமைக்கு. ஆடி நடுவில் ஈமெயில் வந்தது: இதைவிடப் பெரிய இடமொன்று கிடைத்திருக்கிறது, நன்றி, வணக்கம். டெரெக் அதை இரண்டுமுறை வாசித்தார். "என்ன இருந்தாலும், நன்றாக எழுதுகிறார்."

குறைந்தது இரண்டு

இரண்டு கிழமை இருந்தது. புதிதாக விளம்பரம் போட நேரமில்லை. பட்டியலில் மிஞ்சியவள் சுகி மட்டும். மெலிசா விளக்கினார்: நேர்முகத்துக்கு அறுபது, நற்சாட்சி சொல்கிறவர்களுக்கு நாற்பது, மொத்தம் அறுபது எடுத்தால்தான் வேலை. சுகிக்கு இன்னும் முப்பத்துமூன்று வேண்டும். இரண்டு நற்சாட்சியை வைத்து அவ்வளவு எடுத்தவர் யாருமில்லையாம். உடுப்புகளைப் பெட்டியில் கட்டத் தொடங்கச் சொல்லி டெரெக் எனக்குச் சொன்னார். முதுகுவலி என்றேன். கட்டவில்லை.

சுகி சாமான் அறையில் இருந்துதான் படிவத்தை நிரப்பினாள். பஸ் கொம்பனி மேலாளர், சேர்ச்சின் பங்குச் சுவாமியார். இரண்டு பெயர் எழுதிப் பேனையை மூடினாள். குழுவில் இருக்கிறவன் விண்ணப்பித்தவருக்கு ஆலோசனை சொல்லக் கூடாது. நான் சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை உரத்து வாசித்தேன். வயது போனால் அப்படித்தான். "'குறைந்தது இரண்டு பேர்' எண்டு போட்டிருக்கு. கூடினால் எத்தினை எண்டு போடேல்லை."

சுகி மூடிய பேனையைத் திரும்பத் திறந்தாள். "அம்மாமாரைப் போடலாமோ அங்கிள்?"

"எனக்கென்ன தெரியும்? நான் பந்துக்குக் காத்தடிக்கிறவன்."

பத்தொன்பது அம்மாமார்

பத்தொன்பது பெயர் எழுதினாள். தாள் போதாமல் பின்பக்கத்திலும். கொடுத்த பெயர் ஒவ்வொன்றையும் மெலிசா தொலைபேசியில் அழைத்தாக வேண்டும். சட்டம் அவரையும் கட்டும். நாலு நாள் எடுத்தது. தாய்மார் ஆளுக்கு முக்கால் மணித்தியாலம் கதைத்தார்கள். தமிழ், சோமாலி, தகாலோக். பிள்ளைகள் மொழிபெயர்க்கக் கூடாது என்று கல்லூரி ஆள் பிடித்துக் கொடுத்தது. வீட்டுக்கு வந்த கதை, தேத்தண்ணீர்க் கதை, பஸ் செய்திக் கதை. கால் முறிந்த பிள்ளையோடு ஒரு பகல் முழுக்க ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்த கதை; அது எனக்கே தெரியாது. சுகி வாயால் சொல்லாதது எல்லாம் மெலிசாவின் கையால் தாளில் ஏறியது.

ஐந்தாம் நாள் மெலிசா வந்தார். ஒரு காது சிவந்திருந்தது. நாற்பதுக்கு முப்பத்தொன்பது. மொத்தம் அறுபத்தாறு. அந்த ஒன்று எங்கே போனது என்று கேட்டேன். சுகி எப்போது வந்தாலும் சாப்பிடாமல் ஓடிவிடுகிறாள் என்று ஒரு தாய் முறையிட்டாராம். மெலிசா தாள்க்கட்டை மேசையில் போட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். "கலியாணம் முடித்தாயா, எத்தனை பிள்ளை, எந்தக் கோயிலுக்குப் போகிறாய்... நான் யாரிடமும் கேட்கக் கூடாத கேள்வி எல்லாவற்றையும் அவர்கள் என்னிடம் கேட்டுவிட்டார்கள்."

அறிவித்தல்

ஆடி முடிய இரண்டு நாள் இருக்க, பெயர் லீக்குக்குப் போனது. "பரந்த தேடலின் பின்" என்று டெரெக் அறிக்கை விட்டார். தேடியவர் அவராம். அன்று பின்னேரமே ரமணன் தொலைபேசியில். "நான் அப்பவே சொன்னனான் அண்ணை, உந்தப் பிள்ளைதான் சரியெண்டு. அது சரி, மன்னாரில எவடமாம்?"

முதல் பயிற்சி

ஆவணி முதல் கிழமை. இருபத்திரண்டு பிள்ளைகளும் வந்து நின்றார்கள். வேலிக்கு வெளியே நாலைந்து தாய்மார், சாப்பாட்டுப் பெட்டியோடு. மெலிசா வெட்டிய அந்த ஒரு புள்ளி எப்படியோ அவர்கள் காதுக்கு எட்டிவிட்டது. டெரெக் ஏதோ பேச வேண்டும் என்று ஒலிவாங்கியோடு வந்தார். பிள்ளைகள் அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டார்கள்.

சுகி பழைய சப்பாத்தோடு சாமான் அறை வாசலுக்கு வந்தாள். தலைமைக் கோச். ஒரு நன்றி, ஒரு கண்ணீர் என்று ஏதாவது தொடங்கினால் துரத்துவதற்கு ஆயத்தமாக நின்றேன். ஒன்றும் இல்லை. பந்துக் குவியலின் மேலே கிடந்த ஒன்றை எடுத்து விரலால் ஒருமுறை அமத்தினாள். முகத்தைச் சுளித்து என்னிடமே எறிந்தாள். "காத்துக் காணாது அங்கிள்."

ஐந்து மாதம், நாலு பேர் கொண்ட குழு, நாற்பத்தொரு சிலைட், பத்தொன்பது அம்மாமார் என்று இவ்வளவும் வைத்துத் தேடி, எங்கள் கல்லூரி கடைசியில் தன் சாமான் அறையில் வலை மடித்துக்கொண்டிருந்தவளைக் கண்டுபிடித்திருக்கிறது.