மூன்று நாள் பொறுத்த டோர்ட்டே

ஜெர்மனியின் எசன் நகரத்து வெதுப்பகம் ஒன்றில் பதினொரு வருடம் தட்டுக் கழுவியவர் அரியரத்தினம். 2003ஆம் ஆண்டு, நாற்பத்தாறு வயதில், அவருக்கு மாவில் கை வைக்கும் வாய்ப்பு வந்தது. அங்கே லின்சர் டோர்ட்டே என்ற கேக்கைச் சுட்டுவந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். முதலாளியம்மா பிராண்டல், அந்த டோர்ட்டேக்குப் பெயர் தந்த ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்துக்காரி.

"திங்கட்கிழமை ஒன்று சுட்டுக் காட்டுங்கள். நன்றாக இருந்தால் வேலை உங்களுக்கு. இல்லையென்றால் வெளியே ஆள் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டார்.

செய்முறை, கழுவுமிடத்தில் நின்றபடியே பார்த்துப் படித்தது. மாவுக்குச் சமனாக அரைத்த ஹேசல்நட் கொட்டை, வெண்ணெய், சீனி, முட்டை, கறுவா, கராம்பு. நடுவில் புளிப்பான சிவந்த பழ ஜாம், மேலே மாவுப் பின்னல். கொட்டையின் எண்ணெயும் புரதமும் வயிற்றில் நின்று பிடிக்கும். ஒரு மெல்லிய துண்டு போதும், மத்தியானம்வரை பசி எட்டிப் பார்க்காது. வெண்ணெயும் சீனியும் நிறையக் கிடப்பதால் இரண்டாம் துண்டுக்கு ஆசைப்படாமல் இருப்பதுதான் உடம்புக்கு நல்லது.

திங்கள் விடியவே போய்ச் சுட்டு, ஆவி பறக்க முதலாளியம்மா முன் வைத்தார். கத்தி பட்டதும் அது பொலபொலவென்று உதிர்ந்தது. ஜாம் வழிந்தோடியது.

"எப்போது சுட்டது?"

"இப்போதுதான். உங்களுக்காகவே சுடச்சுட!"

"அங்கே அடுக்கில் டோர்ட்டேக்களை மூடி வைத்திருப்பார்களே, அதையெல்லாம் என்னவென்று நினைத்தீர்கள்?"

"விற்காமல் மிஞ்சினது என்று..."

பிராண்டல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பதினொரு வருடமாகவா? இன்னொன்று சுட்டு மூடி வையுங்கள். வியாழக்கிழமை வெட்டுவோம்."

வீட்டில் மனைவி அன்ரனிற்றா வாயில் கை வைத்தாள். "இஞ்சருங்கோ, மூண்டு நாள் பழசையோ குடுக்கப்போறியள்? முதலாளி மனிசிக்கு வயித்தால போனா வேலையும் போச்சு!"

"சும்மா இரும். எனக்கே நெஞ்சு இடிக்குது."

செவ்வாயும் புதனும் மூடியைத் தூக்கித் தூக்கி மணந்து பார்த்தார்.

வியாழக்கிழமை கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஜாமின் ஈரம் கொட்டைமாவில் ஊறி, துண்டு உதிராமல் நின்றது. கராம்பு வாசம் இப்போதுதான் வாய் திறந்திருந்தது. பிராண்டல் முழுத் துண்டையும் தின்றார். தட்டில் கிடந்த துணுக்குகளையும் விரலால் ஒற்றி எடுத்தார். பிறகு சுவரிலிருந்த வேலை அட்டவணையில் அரியரத்தினத்தின் பெயரை எழுதினார்.

"அடுத்த திங்களுக்குப் பன்னிரண்டு வேண்டும்."

"அப்படியென்றால் நாளைக்கே சுட வேண்டும்" என்ற அரியரத்தினம், யாரும் சொல்லாமலே ஹேசல்நட் மூட்டையை மேசையடிக்கு இழுத்து வந்தார்.