குடையைப் பார்த்தவன்

என் மகள் பிறந்த மறுநாள், கைப்பேசிக்கு வந்த அவளுடைய முதல் படத்தை ருமேனியாவில் நான் வேலை செய்யும் ரொட்டித் தொழிற்சாலையில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன். எங்கள் பகுதிக்குப் பொறுப்பாயிருக்கும் தொய்னா என்ற அம்மாள் படத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தார். பிறகு "ப்தியூ, ப்தியூ" என்று அதன்மேல் இரண்டு முறை துப்புகிறமாதிரி செய்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கறுத்த பிள்ளை என்றுதானே இந்த இளக்காரம் என்று நினைத்து, கைப்பேசியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய்விட்டேன். இரண்டு வாரம் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பிறகுதான் தெரிந்தது, இந்த நாட்டில் அழகான குழந்தையைக் கண்டால் கண்பட்டுவிடாமல் இருக்க அப்படித்தான் செய்வார்களாம். நாம் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவதில்லையா, அதே கதைதான். விஷயம் தெரிந்தபிறகும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கண்ணை அவர்மேல் வைத்தபடியே இருந்தேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் குணம் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்பதற்காக. இலங்கையில் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். வரிசையாக ஒட்டியிருக்கும் ஒற்றை அறைகளில் நாலாவது காம்பரா எங்களுடையது, அடுத்த காம்பராவில் அம்மா. என் மனைவி சுகந்தி ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது நான் இங்கே வந்தேன். மகள் பிறந்ததையும் கவிழ்ந்து படுத்ததையும் இந்தக் கைப்பேசிக்குள்தான் பார்த்தேன். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், குடும்பம் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிவிட்டால் அதில் தெரியாத பக்கமெல்லாம் மனசுக்குள் பெரிதாக வளரத் தொடங்கும்.

பிள்ளைக்கு இரண்டு மாதமான சமயத்தில் சுகந்தி தன் முகத்தைக் காட்டுவதை நிறுத்தினாள். கமரா எப்போதும் பாப்பாவின் பக்கமே இருக்கும், அவள் குரல் மட்டும் எங்கிருந்தோ வரும். முகத்தைக் காட்டச் சொன்னால் தலை சீவவில்லை என்பாள். புதன்கிழமை வந்தால் காலையிலிருந்து பின்னேரம் வரை போன் வேலை செய்யாது. கேட்டால், பாப்பாவை நிறுக்கக் கிளினிக்குக்குப் போனேன் என்றாள். நான் சும்மா விடுவேனா? பிள்ளையின் வளர்ச்சி அட்டையைக் கமரா முன்னால் பிடிக்கச் சொன்னேன். எடை மாதத்துக்கு ஒரு தடவைதான் பதிந்திருந்தது. மற்றப் புதன்கிழமைகள் எங்கே போயின?

அம்மாவும் சும்மா இருக்கவில்லை. நாள் முழுக்க மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, ராவாகும் முன்னே எனக்குப் போன் எடுத்துவிடுவார். அவ புள்ளைய என் கையில குடுக்க மாட்டேங்கிறா என்பார். பாப்பா தூங்கினாலும் இவள் தூங்காமல் பிள்ளையின் மூக்கில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பார். மரக்கறி வெட்டக் கத்தி கேட்டால் காம்பராவில் கத்தியே இல்லை என்கிறாளாம். ஒரு புதன்கிழமை லயத்து ஆள் யாரோ அவளைப் பிள்ளையும் கையுமாகப் பதுளை பஸ் ஸ்டாண்டில் கண்டதாகவும் சொன்னார். நான் எல்லாவற்றையும் முடிச்சுப்போட்டு வைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்தக் குடை. ஒருநாள் பாப்பாவின் பின்னால், கதவு மூலையில், வளைந்த பிடியுள்ள பெரிய கறுப்புக் குடை ஒன்று சாத்தியிருந்தது. எங்கள் வீட்டில் அப்படிக் குடை கிடையாது. படத்தைப் பிடித்து வைத்து, பெரிதாக்கிப் பெரிதாக்கி, குடையிலிருந்து தண்ணீர் சொட்டியிருப்பதைக்கூடக் கண்டுபிடித்தேன். மழையோடு மழையாக யாரோ வந்திருக்கிறான். ஒரு வாரம் அந்தப் படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். கேட்டால் பொய்தான் வரும் என்று அவளிடம் கேட்கவும் இல்லை. அம்மாவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உங்கள் காம்பராவுக்கு வந்துவிடுங்கள், அவளைக் கொஸ்லந்தைக்கு, அவள் அண்ணன் வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள், மற்றதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

மறுநாள் வேலை முடிந்து உடை மாற்றும் அறைக்கு வந்தபோது சுகந்தியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது வேறொரு பெண். எங்கள் தோட்டத்துக்கு வந்துபோகும் குடும்பநல மிட்வைஃப் மிஸ். அம்மா பிள்ளையைக் கேட்டு நின்றதும் சுகந்தி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாளாம். லயமே வாசலில் கூடிக் கூப்பிட்டும் மூன்று மணிநேரம் திறக்கவில்லையாம். அவளே மிஸ்ஸுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். மிஸ் நடந்தே ஏறிவந்து, ஆட்களைக் கலைத்துவிட்டு, கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசிப் பேசித் திறக்க வைத்திருக்கிறார்.

"புள்ளைய வாங்கிக்கச் சொல்லி நீங்கதான் சொன்னீங்களா தம்பி?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அவளுக்கு இருக்கிற பயமே அதான். புள்ளைக்கு என்னமோ ஆயிரும், யாராச்சும் வாங்கிட்டுப் போயிருவாங்கன்னு. பெத்த பொறகு மனசுக்கு வர்ற வருத்தங்க இது. நான்தான் புதன்கிழமையில பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மருந்து குடிச்சு, டாக்டர்கிட்டப் பேசி, இப்பத்தான் கொஞ்சம் தூங்க ஆரம்பிச்சா. நீங்க ஒரே மெசேஜ்ல எல்லாத்தையும் கலைச்சு விட்டுட்டீங்களே."

இத்தனையையும் கேட்டபிறகு நான் என்ன கேட்டேன் தெரியுமா? எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"அந்தக் கறுப்புக் குடை யாரோடது மிஸ்?"

"என்னோடது. வாரா வாரம் வந்து பாத்துட்டுப் போறேன். ஏன் கேக்குறீங்க?"

சுகந்தி என்னோடு பேச ஐந்து நாள் ஆனது. அன்றைக்குத்தான் கமராவைத் தன் பக்கம் திருப்பினாள். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்து, வேறு யாரோ மாதிரி இருந்தாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். குரலை உயர்த்தாமல்தான் பதில் சொன்னாள்.

"சொன்னா நீங்க அம்மாகிட்டச் சொல்லுவீங்க. அம்மா லயத்துக்கே சொல்லும். பைத்தியக்காரிகிட்டப் புள்ள எதுக்குன்னு வாங்கிருவீங்க. நீங்க அங்கருந்து குடையப் பாத்தீங்க. என் மூஞ்சியப் பாக்கல."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பாப்பாவின் மூச்சு நின்றுவிடும் என்ற பயத்தில் குளிக்கப் போகமாட்டாளாம். மூடி ஒன்று கீழே விழுந்தாலும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளுமாம். வெங்காயம் வெட்டும்போது, தன் கையே பிள்ளையை ஏதாவது செய்துவிட்டால் என்று ஒரு நினைப்பு வந்து, கத்தியைப் பொட்டலம் கட்டி மிஸ்ஸிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். மாதக் கிளினிக்கில் மிஸ் ஒரு தாளை வைத்துக் கேள்விகள் கேட்டபோது முதலில் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றுதான் சொன்னாளாம். எழுதி வைத்துக்கொண்டு பிள்ளையைப் பிரிக்கத்தான் கேட்கிறார்கள் என்று அவளுக்குச் சந்தேகம். அதைக் கேட்டபோது, நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு மூலையிலிருந்து பயந்திருக்கிறோம் என்று தோன்றியது. அவள் பயந்தது பிள்ளைக்காக. நான் பயந்தது என் மானத்துக்காக.

பதுளையில் பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரராம். "இது விசர் இல்லைப் பிள்ளை, பிள்ளை பெத்த கன பேருக்கு வாறதுதான்" என்று அவர் சொன்னதை அவருடைய தமிழிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினாள்; விசர் என்றால் பைத்தியம். கத்தியைப் பற்றிச் சொன்னபோதும் அவர் திடுக்கிடவில்லையாம். அப்படி நினைப்பு வந்து பயப்படுகிறவர்கள் அதைச் செய்யவேண்டும் என்று விரும்புகிறவர்கள் இல்லை என்றாராம். மாத்திரை பால் கொடுக்கிற தாய்மார் குடிக்கக்கூடியது, ஆனால் பலன் தெரியச் சில வாரம் செல்லும், சொல்லாமல் நிறுத்தக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். அம்மா இன்னும் நம்பவில்லை. மருந்து குடித்தவள் பால் பிள்ளைக்கு ஆகுமா என்று வாரம் ஒருமுறை என்னைக் கேட்கிறார். நானும் வாரம் ஒருமுறை பதில் சொல்கிறேன்.

தொய்னாவிடம் இதைச் சொல்லவேண்டி வந்தது, விடுமுறை கேட்கப் போனபோது. கைப்பேசியில் தட்டி மொழிபெயர்த்துக் காட்டினேன். அவர் படித்துவிட்டு மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் தன் நெஞ்சைத் தொட்டு, "ஷி யெவ்" என்றார். நானும்தான் என்று அர்த்தம். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு ஒரு வருஷம் மாத்திரை போட்டாராம். தடிமன் காய்ச்சல் வந்ததைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு மாவைப் பார்க்கப் போய்விட்டார். எங்கள் லயத்தில் யாரும் இதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கேயும் எத்தனை பேருக்கு வந்திருக்கும், யாருக்குத் தெரியும்.

விடுமுறை டிசம்பரில்தான். அதுவரை நான் என்ன செய்யட்டும் என்று சுகந்தியிடம் கேட்டேன். 

"பாப்பா பகல்ல தூங்குறப்ப நீங்க பாத்துக்கிட்டு இருங்க. கண்ண எடுக்கக்கூடாது. நான் கொஞ்சம் தூங்கிக்கிறேன். உங்க கண்ணுலதான் ஒண்ணும் தப்பாதே."

பல நாளைக்குப் பிறகு அவள் என்னைக் கிண்டல் செய்தது அன்றைக்குத்தான். இப்போது என் மத்தியான இடைவேளையில், அங்கே இரண்டரை மணி ஆகியிருக்கும்போது, அவள் கைப்பேசியைச் சுவரோடு சாத்திவைத்துவிட்டுப் படுக்கிறாள். நான் ரொட்டியைக் கடித்தபடி என் மகளின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அரைமணி முடிந்ததும் நான்தான் பெயர் சொல்லி அவளை எழுப்பவேண்டும். எழுப்பும்போது பாவமாக இருக்கும்.

போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது கூரைத் தகரத்தில் படபடவென்று மழை விழுகிற சத்தம் கேட்டது. பாப்பாவின் துணியெல்லாம் வெளியே கொடியில் கிடக்கிறதே என்று எழுந்து ஓடினேன். உடை மாற்றும் அறையைத் தாண்டி, வாசல் கதவைத் தள்ளித் திறந்தும்விட்டேன். வெளியே சுள்ளென்று வெயில். தொய்னா படியில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கையிலிருந்த கைப்பேசிக்குள் மழை வலுத்துக்கொண்டிருந்தது. சுகந்தியைக் கூப்பிட வாயெடுத்தேன். அவள் ஒருக்களித்துப் படுத்து, வாய் லேசாகத் திறந்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். துணி நனைந்தால் நனையட்டும் என்று, வெயிலில் அந்தப் படியிலேயே உட்கார்ந்து பிள்ளையைப் பார்க்கத் தொடங்கினேன்.