ஒரு மணி நேரமா, ஒன்றரை நாளா?

உங்களை ஒன்று கேட்கிறேன் — ஒரு மணி நேரத்தில் வந்து இறங்கக்கூடிய ஊரிலிருந்து, ஏழு மாதக் கர்ப்பிணியை ஒன்றரை நாள் காரில் உட்காரவைத்துக் கூட்டி வருவீர்களா?

மாட்டீர்கள், இல்லையா? நாங்கள் செய்தோம். டிகிரி முடித்த நான், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, விசிலடித்துக்கொண்டே செய்தேன்.

மூன்று வாரம் முன்னால் இதே பக்கத்தில், 'பிளேனா, காரா' என்று எங்கள் வீட்டில் நடந்த சண்டையை நக்கலாக எழுதியிருந்தேன். நாற்பது ஐம்பது பேர் கடிதம் போட்டீர்கள். பிளேனில் காபி ஓசி என்று ஒருவர். காரில் போனால் வழியில் திருப்பதியைப் பார்த்துவிடலாம் என்று ஒருவர். சிரித்துச் சிரித்துப் படித்தேன். எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கிறேன். நேற்று வரைக்கும் அந்தக் கட்டைப் பிரிக்கவே கை வரவில்லை.

அதைப் படிக்காதவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். மாமாவுக்கு ஹைதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. எங்கள் வீடு திண்டிவனத்தில். அப்பாவுக்கு மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மொத்த வியாபாரம். முதல் பிரசவம் என்றால் எங்கள் பக்கம் அது தாய்வீட்டுப் பொறுப்பு. ஏழாம் மாதம் பெற்றவர்கள் கட்டுசாதம், வரிசைத் தட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு போய், வளையல் அடுக்கி, பெண்ணை அழைத்து வர வேண்டும். மார்கழி பிறந்துவிட்டால் வளைகாப்பு கிடையாது. தை வரைக்கும் பொறுத்தால் எட்டாம் மாதம் ஆகிவிடும். எட்டில் கூடாது. ஆக, கார்த்திகைக் கடைசி வாரத்தில் வேலையை முடித்தாக வேண்டும்.

ரயில் கிடையாது. புயல் மழையில் ஆந்திராப் பக்கம் தண்டவாளம் அரித்துப் போயிருந்தது.

மாமா ட்ரங்க் கால் போட்டார். "டாக்டர் லெட்டர் குடுக்கறாங்க. இந்த மாசம் வரைக்கும் பிளேன்ல போகலாமாம். நானே கூட்டிக்கிட்டு வந்து விட்டுடறேன். நீங்க மீனம்பாக்கத்துக்குக் கார் அனுப்பினா போதும். ஒரு மணி நேரம்தான் மாமா."

அப்பா "சரிங்க, சரிங்க" என்றுதான் போனை வைத்தார். வைத்ததும் முகம் மாறிவிட்டது.

"அவரு கொண்டாந்து வுடுவாராம்! பொண்ண வந்து அழைக்கக்கூட வக்கில்லாதவங்கன்னு அவங்க சனம் பேசாது?"

"அப்ப நீங்களும் அம்மாவும் பிளேன்ல போய் அழைச்சிக்கினு வாங்களேன்" என்றேன். அந்த நிமிஷம் வரைக்கும் நான் யோக்கியன்தான்.

"பிளேன்லயா?" அம்மா அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "அஞ்சு தூக்கு கட்டுசோறு, ஒரு டின்னு முறுக்கு, ஒரு டின்னு அதிரசம், குத்துவெளக்கு… இதெல்லாம் பிளேன்ல ஏத்துவானா? ஏத்தினாலும், வயித்துப் புள்ளய வச்சிக்கினு ஆகாசத்துல வர்றதா? நம்புளுக்கே காது அடைக்குமாம். அதுக்கு என்னா அடைக்குமோ!"

"பனி வேற" என்றார் அப்பா. "பனி மூடிக்கிச்சுன்னா எறங்க மாட்டானாம். வேற எந்த ஊர்லயாவது எறக்கி வுட்டுட்டுப் போயிடுவான்."

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் தெருவில் விமானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் உண்டு, ஏறியவர் ஒருத்தர் கிடையாது. ஏற்றுவார்களா, காது அடைக்குமா, வேறு ஊரில் இறக்குவார்களா — யாருக்கும் தெரியாது. தெரியாத விஷயத்தை இரண்டு வாரம் பேசினோம். காருக்குத் தொண்டை கிழிய வாதாடிய அம்மா, காரில் ஏறினால் கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். அது பன்னிரண்டோ பதின்மூன்றோ கிலோமீட்டர்தான்.

நான் ஏன் கட்சி மாறினேன்? அதையும் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் வாங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. மண்டிக்கும் ரைஸ் மில்லுக்கும் ஓட்டி ஓட்டிப் போரடித்திருந்தது. ஹைதராபாத்! எழுநூறு கிலோமீட்டர்! போய்வந்தால் இந்தப் பத்திக்கு இரண்டு வாரத்துக்கு மேட்டர் தேறும்…

"கார்லயே போவலாம்பா. நானும் ஏழுமலை அண்ணனும் மாத்தி மாத்தி ஓட்றோம். ஜல்தியா போய் ஜல்தியா வந்துடலாம்" என்றேன்.

முடிந்தது. தீர்மானம் நிறைவேறியது.

ஏழுமலை அண்ணன் எங்கள் மண்டி டிரைவர். மூன்று பிள்ளைக்குத் தகப்பன். அவரும் நானும் அம்பாசடரில் சாமான் ஏற்றினோம். டிக்கி நிறைந்து, பின்சீட்டில் பாதிக்கு வந்துவிட்டது. வாந்திக்குப் பயந்து அம்மா வரவில்லை. சரி, சித்தியையோ அத்தையையோ, யாராவது ஒரு பொம்பளையைக் கூட்டிப் போகலாம் என்று யாருக்காவது தோன்றியதா? தோன்றவில்லை. பின்சீட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு குத்துவிளக்கு உட்கார்ந்திருந்தது.

போகும்போது ஒரு குறையும் இல்லை. வளைகாப்பும் நன்றாகவே நடந்தது. புளிச்சோறு கெடாமல் போய்ச் சேர்ந்ததில் அப்பாவுக்கு அப்படி ஒரு பெருமை. மாமா மட்டும் கடைசிவரை சொல்லிப் பார்த்தார். "ரெண்டு சீட் சொல்லி வெச்சிருக்கேன் மாமா. இப்பக்கூட…" அப்பா சிரித்து மழுப்பிவிட்டார். மாமா லீவைப் பிரசவத்துக்கு என்று மிச்சம் பிடித்துக்கொண்டார். அக்கா காரில் ஏறினாள். பின்சீட்டில் இரண்டு தலையணை வைத்துக் கொடுத்தோம். ராணி மாதிரி உட்கார்ந்து வா என்றேன்.

விடிகாலை. கண்ணாடிக்கு முன்னால் நாலடிக்கு மேல் தெரியவில்லை. அவ்வளவு பனி. பனி விலகுகிற வரைக்கும் ஏழுமலை அண்ணன் ஊர்ந்து ஓட்டினார். வெயில் வந்ததும் நான் வாங்கிக்கொண்டேன்.

மழை தின்ற ரோடு. தார் இருந்த இடத்தில் ஜல்லி, ஜல்லி இருந்த இடத்தில் பள்ளம். பள்ளத்தில் தண்ணீர் நிற்கும்போது ஆழம் தெரியாது. நான் நின்று பார்த்து இறக்குகிற ஜாதி இல்லை. ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ஏறியபோது என் தலையே கூரையில் இடித்தது.

"தம்பி, மெதுவா" என்றார் ஏழுமலை அண்ணன்.

"என்னாக்கா, குதிரை சவாரி எப்டி?" என்றேன் கண்ணாடியில் பார்த்து.

அக்கா சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

வழியில் டீக்கடை வரும்போதெல்லாம் கேட்டேன். "டீ குடிக்கிறியா?" — "வேணாண்டா." — "சோடா?" — "வேணாண்டா, நீங்க குடிங்க." அப்பா இளநீர் வெட்டச் சொன்னார். அதையும் வாங்கி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து, அடுத்த ஊரில் என்னிடம் கொடுத்தாள். "உனக்குத்தான் தாகமா இருக்கும்." நான் குடித்துவிட்டேன்.

ஒரு வாய் தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டிவரும். இறங்க ஒரு மறைவு வேண்டும். அந்த மறைவை எங்கள் மூன்று பேரில் யாரிடமாவது கேட்க வேண்டும். இது எனக்கு இப்போது தெரிகிறது. வண்டியை நிறுத்தி, வேட்டியை மடித்துக்கொண்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டி நிற்கிற ஆம்பிளைக்கு அன்றைக்கு எப்படித் தெரியும்?

கடப்பாவில் லாட்ஜில் தங்கினோம். அக்காவுக்குத் தனி ரூம். மூன்று பேரும் ஒரே ரூமில் படுத்துக்கொண்டு அவளுக்கு மட்டும் தனி ரூம் எடுத்துக் கொடுத்ததில் எங்களுக்கு ரொம்ப திருப்தி. காலையில் கண் சிவந்திருந்தது.

"தூங்கலையாம்மா?" என்றார் அப்பா.

"புது எடம்பா. லேசா முதுகு வலி."

"ஒக்காந்தே வர்றல்ல, அதான். வூட்டுக்குப் போனா அம்மா வெந்நி ஊத்துவா."

வந்தவாசி தாண்டும்போது நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் அப்பா தூங்கிப்போயிருந்தார். அக்காவோடு பின்னால் உட்கார்ந்திருந்த ஏழுமலை அண்ணன் முன்னால் எக்கி, என் காதோடு சொன்னார்.

"தம்பி, பாப்பா முக்கால் மணியா சீட்டப் புடிச்சிப் புடிச்சி வுடுது."

"முதுகு வலியாம்ணே."

"முதுகு வலி வுட்டு வுட்டு வராது தம்பி. எங்க வூட்ல மூணு பாத்துட்டேன். நான் கேக்க முடியாது. நீ கேளு."

கேட்டேன். "அக்கா, ரொம்ப வலிக்குதா?"

"இல்லடா. ரோட்டப் பாத்து ஓட்டு."

மூன்று மணிக்குத் திண்டிவனம். வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். அக்கா ஒரு காலைக் கீழே வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். அம்மா தட்டைப் பக்கத்து வீட்டம்மா கையில் திணித்துவிட்டு வந்து, அக்கா வயிற்றில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"கல்லாட்டம் கீதேடி! எப்பலருந்து?"

"நேத்து காலைலருந்து."

"நேத்து காலைலருந்தா? அடிப்பாவி, வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

அக்கா எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

அம்மா காரில் ஏறினாள். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பினேன். அன்றைக்கு அம்மாவுக்கு வாந்தி வரவில்லை. கூட்டேரிப்பட்டு கடைகளைத் தாண்டும்போது பின்னால் அம்மா, "பனிக்குடம் ஒடஞ்சிருச்சி, நிறுத்தாத, போ போ போ!" என்று கத்தினாள். அப்பா டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்குள் பிறந்துவிட்டது. பெண்.

லேடி டாக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அது இன்னும் மோசம்.

"கார்ல வந்ததாலதான் இப்டி ஆச்சுன்னு என்னால சொல்ல முடியாதுப்பா. பிளேன்ல வந்திருந்தாலும், வீட்லயே படுத்திருந்தாலும் ஆயிருக்கலாம். ஆனா அந்தப் பொண்ணு ரெண்டு நாளா தண்ணியே குடிக்கல. வலி ஆரம்பிச்ச உடனே எங்கயாவது ஒரு ஆஸ்பத்திரில சேத்திருந்தா, ஊசி போட்டு நிறுத்தப் பாத்திருப்பாங்க. வழியில ஆஸ்பத்திரியே இல்லையா?"

இருந்தன. கடப்பாவில் எங்கள் லாட்ஜுக்கு எதிரிலேயே ஒன்று இருந்தது. அதன் வாசலில் நின்றுதான் நான் சிகரெட் பிடித்தேன்.

மறுநாள் மாமா வந்துவிட்டார். பிளேனில். அப்பாவிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. வராண்டா கோடியில் என்னைப் பார்த்து மட்டும் சொன்னார்: "என்கிட்ட சொல்லியிருப்பா மச்சான்."

ஆமாம், சொல்லியிருப்பாள். அதுதான் விஷயமே. எத்தனை மணி நேரம், எத்தனை பள்ளம், எவ்வளவு பனி, யார் போய் அழைத்தால் மரியாதை — எல்லாவற்றையும் கணக்குப் போட்டோம். வயிற்றில் வலி என்று அவள் யாரிடம் சொல்ல முடியும் என்பதை மட்டும் போடவில்லை.

நாலாம் நாள் அக்காவிடமே கேட்டேன். "ஏங்க்கா சொல்லல?"

"உங்கிட்ட என்னான்னுடா சொல்லுவேன்? முன்னாடி அப்பா குந்திக்கினு இருக்காரு. பக்கத்துல ஏழுமலை அண்ணன். நீ வேற பாடிக்கினு வர்ற." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திரும்பாமலே, "பிளேன்ல போவணும்னு எனக்கு ஆசையா இருந்துதுடா" என்றாள்.

இரண்டு வாரம் எங்கள் வீட்டில் ஓட்டெடுப்பு நடந்தது. அவளுக்கு அதில் ஓட்டு இல்லை. ட்ரங்க் காலில் கிடைக்கிற மூன்று நிமிஷத்தையும் அப்பாவும் மாமாவுமே பேசி முடித்துவிடுவார்கள்.

நீங்கள் போட்ட கடிதங்களை வைத்திருக்கிறேன் என்றேன் இல்லையா? நேற்று கட்டைப் பிரித்து, ஒன்று விடாமல் மறுபடி படித்தேன். 'உங்க அக்கா என்னப்பா சொல்றாங்க' என்று ஒரு கடிதத்தில்கூட இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. நான் எழுதிய கட்டுரையிலேயே அந்தக் கேள்வி இல்லை.

உங்கள் வீட்டில் யாரையாவது எங்காவது அழைத்துப் போவதாக இருந்தால், வண்டியைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளுங்கள். முதலில் போகப்போகிறவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். அவளிடம் பேசக்கூடிய ஒரு பொம்பளைக்கு வண்டியில் இடம் விடுங்கள். குத்துவிளக்கை அப்புறம் அனுப்பிக்கொள்ளலாம்.

குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மேலே ஒரு பல்பு எரிகிறது. மூக்கு வழியாக டியூபில் பால் விடுகிறார்கள். என் சுண்டுவிரல் தடிமன்தான் அதன் கை. அம்மா அந்தக் கண்ணாடியை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். அப்பா ஆஸ்பத்திரிக்கு எதிரில் டீக்கடை பெஞ்சிலேயே இருக்கிறார், உள்ளே வருவதில்லை. பிழைக்குமா என்று டாக்டரிடம் கேட்டால், "ஒவ்வொரு நாளா பாக்கலாம்" என்கிறார்.

இன்றைக்கு ஒன்பதாவது நாள். காலையில் எடை போட்டார்கள். ஆயிரத்து நாற்பது கிராம். நேற்றைவிட இருபது குறைவு.