மேடு தாங்கும் என்று சொன்னேன்...

போன வாரம் ஒரு நாள் காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரே போன் நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன். மறுமுனையில் ஒரே பதில் – தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்.

நான் இருந்தது கடலுக்கு வெகு தொலைவில், தங்கவயலில். சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய ஸ்கெலட்டன் குடியிருப்பில் எங்கள் லைன் வீடு. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து மூன்றாவது நாள். கண்ணில் தூசி படவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் ஊரிலா? காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போதும், சைனைட் மேட்டிலிருந்து – தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய கழிவு மண் அது – மாவு மாதிரி பறந்து வரும். ஜன்னலையெல்லாம் சாத்தி, இடுக்குகளில் ஈரத் துணி திணித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

போனை எடுக்க வேண்டியவர் பாக்கியம் அக்கா. கடலோரத்தில் மீன் விற்பவர். அங்கே அன்று புயல்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கடற்கரை மணல் எங்கே போகிறது, எங்கே சேர்கிறது என்று அளப்பது. அக்காவின் ஊருக்கு மூன்று வருடமாக மாதம் ஒருமுறை போகிறேன். கரையை ஒட்டி நீளமாக ஒரு மணல்மேடு. அதில் வரிசையாகக் கம்புகள் நட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கம்பிலும் மணல் எவ்வளவு ஏறியிருக்கிறது, எவ்வளவு இறங்கியிருக்கிறது, மணலைப் பிடித்து வைக்கும் அடம்பங்கொடி எதுவரை படர்ந்திருக்கிறது – குறித்துக்கொண்டு வருவேன். அவ்வளவுதான். பார்ப்பவர்களுக்கு வெயிலில் ஒருத்தி கம்போடு பேசிக்கொண்டிருப்பது போலத் தெரியும்.

போன வருடம் அந்த ஊரில் மேட்டை வெட்டி மட்டமாக்கிவிடலாம் என்று பேச்சு வந்தது. மீன் வண்டி நேராகக் கரைக்கே வந்துவிடுமே! ஊர்க் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். எழுந்து நின்று பேசினேன்.

"இந்த மேடுதான் உங்களுக்குச் சுவர். வெட்டாதீங்க. எந்தப் புயல் வந்தாலும் தாங்கும்."

பாக்கியம் அக்காதான் முதலில் என் பக்கம் பேசினார். "அந்தப் பாப்பா வெயில்ல காஞ்சு அளக்குது. சும்மாவா சொல்லும்?" என்றார். மேடு தப்பியது. எனக்கு ஒரே பெருமை.

ஆனால்... ஒன்றை நான் சொல்லவில்லை. அக்கா வீட்டுக்கு நேர் எதிரே, ஆட்கள் நடந்து நடந்து மேட்டில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அங்கே இருந்த என் கம்பில் மாதாமாதம் மணல் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. நோட்டில் எழுதியிருக்கிறேன். கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. ஏன்? அங்கே ஒரு 'ஆனால்' போட்டால் மொத்த மேட்டையும் வெட்டிவிடுவார்களோ என்ற பயம். நல்ல காரியத்துக்காகத்தானே என்று அந்த 'ஆனால்'-ஐ விழுங்கிவிட்டேன்.

புயலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்காவே போன் செய்தார். பின்னால் காற்று இரைச்சல்.

"எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்றாங்க பாப்பா. நான் போகல. கோழியெல்லாம் கெடக்கு. நீதான் மேடு தாங்கும்னு சொல்லிட்டியே!"

உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டேன்.

"அக்கா, போயிடுங்க! உங்க வீட்டுக்கு எதிர்ல பள்ளம் இருக்கு, அது வழியா தண்ணி வரும். நான் அன்னிக்கு முழுசா சொல்லல. போயிடுங்க அக்கா!"

கத்தினேன். பாதியில் லைன் கட். எதுவரை கேட்டதோ தெரியாது. அதன்பின் தொடர்பே இல்லை.

மறுநாள் காலையில் டி.வி.யில் அலைகள், சாய்ந்த மரங்கள். அந்த ஊரின் பெயர் மட்டும் எதிலும் இல்லை. நான் இருக்கும் இடத்தில் ஒரு சொட்டு மழை கிடையாது. என் வார்த்தையை நம்பி ஒருவர் கடலுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாரோ? நான் மலைமேட்டில், சாத்திய ஜன்னலுக்குள்...

"இன்னாடி, எடுக்கலியா?" என்றார் அம்மா, கறுப்புக் கண்ணாடியோடு.

"இல்லம்மா."

"உங்கப்பா சுரங்கத்துக்குள்ள கீழ கீறப்ப பாறை வெடிச்சா வூடே ஆடும். ஷாஃப்ட்டு கிட்ட ஓடிப் போய் நின்னுக்குவேன். ஆளுங்கள ஏத்திக்கினு கேஜ் மேல வந்து ஆளைக் கண்ணால பாக்கற வரிக்கும் யார் இன்னா சொன்னாலும் மனசுல ஏறாது. அதனால உனுக்கு ஆறுதல்லாம் சொல்ல மாட்டேன். திரும்பப் போடு."

போட்டேன். அம்மா பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு.

"பாப்பா, நான்தான். மருமகன் போன்ல பேசறேன். டவர் கிடைக்க மெயின் ரோடு வரைக்கும் நடந்து வந்தேன்."

அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"நீ என்னமோ நிறைய கத்துன. 'போயிடுங்க'ன்றது மட்டும்தான் கேட்டுச்சு. அளக்கற பொண்ணே பயந்து கத்துதேன்னு கோழிக்கூடையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டேன். மேட்டுல பாதியைக் கடல் கடிச்சிட்டுப் போயிடுச்சு பாப்பா. உன் கம்பு எல்லாம் போச்சு, ரெண்டு நிக்குது. மத்த வீடு ஒண்ணுலயும் தண்ணி இல்ல. எங்க வீட்டுக்கு எதிர்ல இருக்கற பள்ளம் வழியா பூந்து என் வீட்டுச் சுவர் ஒண்ணு மட்டும் சாஞ்சிடுச்சு. நான் படுக்கற பக்கம்."

படுக்கிற பக்கம்...

"ஆளுங்க எல்லாம்?"

"எல்லாரும் இருக்காங்க. ஒரு ஆளுக்கும் ஒண்ணுமில்ல."

அப்போதுதான் அழுதேன். மூன்று வருடத்துக் கம்புகள் கடலுக்குள் போயிருக்கின்றன. அதற்காக ஒரு சொட்டுகூட இல்லை. அம்மாவும் கண்ணாடியைக் கழற்றி அழ ஆரம்பித்துவிட்டார். ஆபரேஷன் செய்த கண்! சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நான்கு நாள் கழித்து அந்த ஊருக்குப் போனேன். கூட்டம் போடச் சொன்னேன். பள்ளம் எனக்கு முன்பே தெரியும், சொல்லாமல் விட்டது என் தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பாக்கியம் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் எழுந்தார்.

"இப்பவாவது சொன்னியே. பள்ளத்தை எப்படி அடைக்கிறது, அதைச் சொல்லு."

ஓலைத் தட்டியைக் குறுக்கே நட்டு, காற்றில் வரும் மணலைப் பிடித்து வைக்கலாம் என்றேன். நடக்க வேறு இடத்தில் பலகைப் பாதை.

"தாங்குமா?" என்று ஒருவர் கேட்டார்.

"சின்னப் புயல்னா தாங்கும். பெரிசுன்னா தெரியாது. போகச் சொன்னா போயிடுங்க."

இதைச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்றுதானே பயந்தேன்? மறுநாள் காலை ஓலை கட்ட முப்பது பேர் வந்திருந்தார்கள்.

நீங்களும் யாருக்காவது ஆலோசனை சொல்லியிருப்பீர்கள்தானே? விழுங்கிய 'ஆனால்' ஏதாவது இருந்தால், இன்றைக்கே ஒரு போன் போட்டுவிடுங்கள் – டவர் இருக்கும்போதே.