முந்நூற்று நாற்பது பாகம்

“முந்நூத்தி நாப்பது பாகம்மா. எழுதிக்கோ” என்றார் மாமா, கயிற்றைத் தோளில் சுருட்டியபடி.

“எது மாமா?”

“பழைய நிலக்கரி மேடையிலேர்ந்து நம்ம வாசப்படி. அங்கதானே கேஸ் கப்பல் நிக்கப்போகுது? ஆபத்து வட்டம் ஐந்நூறு மீட்டராம். அது முந்நூறு பாகத்துலயே முடிஞ்சுபோச்சு. நாம வெளியில. நிம்மதியா தூங்கு.”

நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழ்வீட்டுக்காரர். கப்பலிலிருந்து வீசும் வடத்தை வாங்கிக் கரைத்தூணில் மாட்டுவது அவர் வேலை. வலது சுண்டுவிரலை ஒரு வடம் கொண்டுபோய்விட்டது. இரு கைகளையும் விரித்தால் ஒரு பாகம். வேறெந்த அளவையும் அவர் நம்புவதில்லை. “மீட்டர் கடைக்காரனோடது. கை என்னோடது.” தெருவில் தண்ணீர்க்குழாய் வாங்குபவர்கள்கூட அவரைக் கையோடு அழைத்துப் போவார்கள்.

“கல்யாணமாகி வந்த அன்னைக்கே கட்டில் கொள்ளுமான்னு கதவை அளந்தாரு. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை” என்பார் அவர் மனைவி.

“நீ நுழைஞ்சுடுவேன்னு தெரியும். கட்டில்தான் சந்தேகம்.”

திரவ எரிவாயு இறக்கும் முனையம் வரப்போகிறது என்ற அறிவிப்பு ஒட்டப்பட்டபோது தெரு அவரைத்தான் கேட்டது. அவர் அளந்து சொன்னதும் பதினேழு வீடுகளில் ஒருவரும் ஆட்சேப மனு கொடுக்கவில்லை.

மனு கொடுக்கும் கெடு முடிந்த மறுநாள், முனையத்தின் முழு ஆங்கில அறிக்கை மொழிபெயர்ப்பு வேலையாக என்னிடம் வந்தது. கடைசிப் பக்கத்தில் வரைபடம். வட்டத்தின் ஐந்நூறு மீட்டரைத் தண்ணீரின் மேல் நேர்கோட்டில் அளந்திருந்தார்கள்; எங்கள் தெரு அதற்குள் இருந்தது. அவரோ துறைமுகக் கரையின் வளைவையொட்டி, கயிறு போகக்கூடிய வழியில் அளந்திருக்கிறார். தீ கரையைச் சுற்றிக்கொண்டு வராது.

யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அன்று மாலையே வரைபடத்தோடு கீழே இறங்கினேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேடையிலிருந்து எங்கள் தெருவுக்கு விரலை நேராக இழுத்தார். திரும்ப ஒருமுறை இழுத்தார். பிறகு விரல் நகரவில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தார். “என்னவாம்? நாமதான் வெளியிலயாச்சே. எதிர்வீட்டுக்காரி இன்னைக்குத்தான் சமையல்கட்டுக்கு ஓடு பதிக்கிறா, உங்க பேச்சை நம்பி.”

வரைபடத்தின் கீழே இருந்ததை நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன். “அகற்ற வேண்டிய வீடுகள்…”

சட்டென்று காகிதத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“ஏம்மா,” குரல் தாழ்ந்திருந்தது, “அதை அந்த மொழியிலயே படியேன். கப்பக்காரங்ககிட்ட கேட்டுக் கேட்டு எனக்குக் கொஞ்சம் புரியும். இவளுக்குப் புரியாது.”